கண்ணுக்கறி யாருக்கு?

நீங்கள் உட்காருங்கள் அக்கா. நான் நின்றுகொண்டே பேசுகிறேன். காலையிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்வதும் எழுவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தப் போலீஸ்காரம்மா, "ஏம்மா, பெஞ்சுல மூட்டப்பூச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது. பூச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல்.

உங்களுக்கு என்ன கேஸ்? ஜீவனாம்சமா? இன்றைக்கும் அவர் வரவில்லையா? வரமாட்டார். வராதவரைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் கதையை முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் கேட்டதில் என்ன தப்பு?

என் பெயர் வினோதினி. எம்.எஸ்.சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். அதோ, கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் மூன்று பேர் நிற்கிறார்கள் பாருங்கள். கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவன் என் அண்ணன் குமரவேல். கத்தாரில் டிரைவர். பெரிய மீசைக்காரர் எங்கள் தாய்மாமா தவசி. பல் குத்திக்கொண்டு நிற்பவர் சீனிச்சாமி, எங்கள் ஊர்க்காரர். அவர்கள் மூன்று பேர், நான் நாலாவது. காட்டுப்பன்றி வேட்டை கேஸ்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பெண்ணா, வேட்டையா என்றுதானே? எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். என் பிரச்சினையே அந்தப் பார்வைதான் அக்கா.

எங்கள் வக்கீல் பரமானந்தம் என்னை மட்டும் கேஸிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'ஒன்றும் அறியாத இளம்பெண். அண்ணனுக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கக் காட்டுக்குச் சென்றவர்.' ஒன்றும் அறியாத! அந்தச் சோளக்காட்டில் அந்த ராத்திரியில் எதையாவது அறிந்தவள் என்று இருந்தால் அது நான் ஒருத்திதான். மற்ற மூன்று பேருக்கும் தங்கள் மூக்கு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, அவ்வளவு இருட்டு.

இன்றைக்கு நீதிபதியம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். ஆமாம், சாப்பாடு கொண்டு போனேன் என்று சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். எனக்குச் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கேஸ் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். அண்ணனுக்கு விசா முடியப் போகிறது. கோர்ட்டில் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தால்தான் வேலை. நான் போய், 'இல்லை அம்மா, குறி பார்த்துச் சொன்னது நான்தான்' என்று சொன்னேன் என்றால், எல்லாரும் பேசி வைத்து, கருவி வைத்து, திட்டம் போட்டு வேட்டையாடினார்கள் என்று ஆகிவிடும். அண்ணனும் போக முடியாது, நானும் சேர முடியாது. வக்கீல் இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊர் மலையடிவாரம். மலை முடிகிற இடத்தில் எங்கள் மக்காச்சோளம் ஆரம்பிக்கும். கதிரில் பால் பிடிக்கிற சமயம் பார்த்துப் பன்றி இறங்கும். தின்பது கொஞ்சம்தான், சாய்ப்பது காடு முழுக்க. வரப்பைச் சுற்றி அம்மாவின் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தோம். முடிவெட்டும் கடையில் சாக்கு நிறைய முடி அள்ளிவந்து தூவிப் பார்த்தோம். ராத்திரி முழுக்க ரேடியோவைப் பாட வைத்தோம். பன்றி பாட்டுக் கேட்டுக்கொண்டே தின்றுவிட்டுப் போனது. தவசி மாமாவிடம் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டத்தான் உரிமம். மாமா வானத்தைப் பார்த்துச் சுட்டதாக எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை.

சட்டப்படி தப்புதான். தெரியும். நான் அதைப் பற்றிப் பேசவே வரவில்லை. நான் பேச வந்தது பங்கு பற்றி.

எங்கள் பக்கம் பன்றி விழுந்தால் கூறு போடுவதற்கு ஒரு முறை உண்டு. சுட்டவனுக்குத் தலையும் ஒரு தொடையும். நிலத்துக்காரனுக்கு இன்னொரு தொடை. நாய்க்காரனுக்கு நெஞ்சு. ஆனால் இதில் எதிலும் கத்தி வைப்பதற்கு முன்னால், முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடுகிற கறியை எடுத்துத் தேக்கிலையில் வைப்பார்கள். அதற்குப் பெயர் கண்ணுக்கறி. மிருகத்தை முதலில் கண்ணால் கண்டவனுக்கு. இலையில் வைத்துவிட்டு மாமா சத்தமாகக் கேட்பார், "கண்ணுக்கறி யாருக்கு?" சுற்றி நிற்கிறவர்கள் பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லும் வரைக்கும் கத்தி அடுத்த கூறுக்குப் போகாது. எத்தனையோ வருஷமாக அந்தப் பேர் சீனிச்சாமி. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் கண் மின்னுகிறதா என்று பார்த்துச் சொல்கிறவர் அவர். நாயும் அவருடையதுதான். ஆகவே இரண்டு பங்கு.

நான் பன்றிக்கறி சாப்பிட மாட்டேன். வாடையே ஆகாது. அது வேறு விஷயம்.

போன வருஷம் அண்ணன் லீவில் வரும்போது ஒரு கருவி கொண்டுவந்தான். கைக்கு அடக்கமாக, டார்ச் லைட் மாதிரி இருக்கும். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கத்தாரில் அவன் முதலாளி பாலைவனத்தில் முயல் பார்க்க வைத்திருந்ததாம், புதுசு வாங்கியதும் பழசை இவனுக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் அதற்குக் 'கத்தாரு கண்ணாடி' என்று பேர் விழுந்துவிட்டது. வெளிச்சமே வேண்டாம் அக்கா. சூட்டை வைத்துக் காட்டும். சூடான உடம்பெல்லாம் வெள்ளையாக, குளிர்ந்ததெல்லாம் கறுப்பாக. பன்றி எழுந்து போனால், அது படுத்திருந்த இடம்கூடக் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். எனக்கு முதல் தடவை பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. சுவரில் என் கையை அழுத்தி எடுத்தேன். எடுத்த பிறகும் அந்தக் கை சுவரிலேயே இருந்தது.

முதல் நாள் அண்ணனே போனான். "நான் பாத்துக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்றான். மோட்டார் ரூம் மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தானாம். "மாமா! பெருசு! மலை மாதிரி படுத்துக் கெடக்கு!" என்று குதித்திருக்கிறான். மாமா சுட்டார். அது அசையவில்லை. "செத்துப்போச்சு டோய்" என்று ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டு எருக்குழி. சாணமும் குப்பையும் உள்ளுக்குள் புளித்தால் கொதிக்கும் அக்கா, மேலே கை வைத்தாலே சுடும். அது தெரியாமல் குப்பைமேட்டைச் சுட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் டீக்கடையில் சீனிச்சாமி, "மாப்ள, எருக்குழியில எனக்கு எந்தப் பங்கு?" என்று கேட்டாராம். ஊரே சிரித்தது.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டான். நானாகப் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "வினோ, இதுல என்னமோ செட்டிங்ஸ் இருக்குடி, நீ பாரேன்" என்றான். பார்த்தேன். முன்னிரவில் பாறை வெயில் சூட்டை வைத்திருக்கும், அப்போது பார்த்தால் பாறையெல்லாம் பன்றி. பாறை ஆறிய பிறகு பார்க்க வேண்டும். எருக்குழி இருக்கிற திசையை விட்டுவிட வேண்டும். உருவம் அசைகிறதா, காது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். "நீயே வந்து பாத்துச் சொல்லேன்" என்று முடித்துவிட்டான்.

அம்மா விடவில்லை. "பொட்டப்பிள்ள ராத்திரியில காட்டுக்குப் போனா தெருவுல என்ன பேசுவாங்க?" என்றாள். நான் கேட்டேன், "பன்னி வந்து சோளத்தத் தின்னா தெரு என்ன பேசும்?" கடைசியில் என் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினாள். தெருவில் யாராவது கேட்டால் அண்ணனுக்குச் சோறு கொண்டு போகிறேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே நான் அதை எதிர்த்திருக்க வேண்டும். சரி, நமக்குக் காரியம்தானே முக்கியம் என்று விட்டுவிட்டேன். இப்போது அது மனுவில் வந்து நிற்கிறது.

மொட்டைமாடியில் நான். கீழே வரப்பில் மூன்று பேர். போன் காதில். பன்றிக் கூட்டம் ஓடைப் பக்கமாக இறங்கியது. வெள்ளைப் புள்ளி வெள்ளைப் புள்ளியாக, சோளத்தட்டைக்கு நடுவே ஊர்ந்து வந்தது. நான் ஒரே மூச்சில் சொன்னேன், "ஓடை ஓரம். முன்னால பெருசு. நாப்பது அடி. இன்னும் வருது. நில்லுங்க. இப்ப!" மாமா சுட்டார். விழுந்தது.

ஓடிப்போனேன். பன்றியை வரப்பில் இழுத்துப் போட்டு அறுக்க ஆரம்பித்தார்கள். தேக்கிலையில் கறியை வைத்தார் மாமா. "கண்ணுக்கறி யாருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. பேரைப் பிறர்தான் சொல்ல வேண்டும். காத்திருக்கிறேன்.

மாமாவே சொன்னார், "குமரவேலுக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துவிட்டது. "எப்படி மாமா?" என்றேன்.

"அவன் கொண்டாந்த கண்ணாடிதான ஆத்தா."

"கண்ணாடி வாங்கிக் குடுத்தவருக்கா பரீட்சையில மார்க் போடுவாங்க? படிச்சவனுக்குத்தான போடுவாங்க?"

அண்ணன் சிரித்தான். "நீதான் பன்னியே திங்க மாட்டியேடி. ஒனக்கு எதுக்கு?"

"தின்னுறது என் இஷ்டம். பேரச் சொல்லு."

சீனிச்சாமி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நாயம்னு பாத்தா ரெண்டு பேருக்கும் கெடையாது பாப்பா. பாத்தது மிஷினு. மிஷினு வாயத் தொறந்து கேட்டா குடுத்துருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மாமாவும் சிரித்தார்.

மிஷின் எதையும் பார்க்காது அக்கா. அது சூட்டைக் காட்டும், அவ்வளவுதான். பாறையையும் காட்டும், எருக்குழியையும் காட்டும், பன்றியையும் காட்டும். இது பன்றி, இது பாறை என்று பிரித்துச் சொல்வது யார்? கண்டது யார்? இதை அன்றைக்கு விடிகிற வரைக்கும் பேசினேன். கறியில் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. "கோர்ட்டுல பேச வேண்டிய பிள்ள" என்றார் மாமா. பாருங்கள், வந்து நிற்கிறேன்.

அடுத்த தடவை விழுந்தபோது குலசாமி பேரைச் சொன்னார்கள். சாமியோடு நான் சண்டை போட மாட்டேன் என்று நினைத்தார்கள். போட்டேன். அதற்கடுத்த தடவை நான் ஒரு காரியம் செய்தேன். கத்தாரு கண்ணாடியில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் எல்லாம் தலைகீழ். சூடானது கறுப்பு, குளிர்ந்தது வெள்ளை. அதை மாற்றி வைத்துவிட்டு, எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நாலு ராத்திரி வெள்ளையாகத் தெரிந்த கல்லையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பன்றி ஒரு பாத்தியையே முடித்துவிட்டுப் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் சோளம்தான், ஆமாம். ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் சோளம் பார்க்க முடியுமா?

மாமாதான் வீட்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "மருமகளே, எந்திரி. ஒம் பேரத்தான் சொல்றேன்" என்றார்.

"எல்லாரும் சொல்லணும்."

"எல்லாரும் சொல்லுவோம்."

"சீனிச்சாமி அண்ணனும்."

"அவனும் சொல்லுவான். எந்திரித்தா."

அந்த ராத்திரி இறங்கியது நாலு. அதில் ஒன்று கன்றுக்குட்டி உயரம். நான் சொன்னேன், மாமா சுட்டார். விடிகிற நேரத்துக்கு இலையில் கறியை வைத்துக் கேட்டார். "கண்ணுக்கறி யாருக்கு?" மூன்று பேரும் சேர்ந்து, "வினோதினிக்கு!" சீனிச்சாமி கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். எனக்குப் பட்டம் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை. கறியைச் சீனிச்சாமி வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கறி இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

அந்தக் கருவி பார்ப்பதைப் படமாகவும் பிடிக்கும், குரலோடு. அன்றைக்குப் பிடித்ததில் ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். நாலு வெள்ளை உருவம், என் குரல், வெடிச்சத்தம். கீழே 'கண்டது நான்' என்று இரண்டே வார்த்தை.

உடனே 'ஓ' என்கிறீர்கள். நீங்களும் அதே தப்பைச் செய்யாதீர்கள் அக்கா. ஸ்டேட்டஸால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டேட்டஸை யார் பார்ப்பார்கள்? என் போனில் இருக்கிறவர்கள்தானே? கூடப் படித்தவர்கள், சொந்தக்காரர்கள், இரண்டு பேராசிரியர்கள், அப்புறம் வனத்துறை வனவர் மகள் கார்குழலி. அவள் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. கைதட்டுகிற பொம்மையெல்லாம் போட்டிருந்தாள். அவள் அப்படிப்பட்ட பெண்ணே இல்லை. சொன்னது சீனிச்சாமிதான். கண்ணுக்கறி கைவிட்டுப் போன ஆத்திரம். அவரும்தானே மூன்றாவது குற்றவாளியாக நிற்கிறார் என்று அண்ணன் கேட்கிறான். சந்தேகம் வரக்கூடாது என்று தன்னையும் சேர்த்தே மாட்டிக்கொண்டிருப்பார், யாருக்குத் தெரியும்?

மறுநாளே வனவர் வந்துவிட்டார். கூட இரண்டு காவலர்கள். மாமாவும் சீனிச்சாமியும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வனவர் வாசலில் நின்று போனைத் திருப்பிக் காட்டினார். நான் வைத்த அதே படம். என் குரல் கேட்கிறது, "மாமா, பெருசு இடப்பக்கம். இப்ப!"

"இது யார் குரல்?" என்றார்.

தவசி மாமா முன்னால் வந்தார். அந்த மீசையை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைக் குரலில், "என் குரல்தான் சார்" என்றார்.

வனவர் அவரையே பார்த்தார். இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். "மாமா, பெருசு இடப்பக்கம்."

"ஒங்கள நீங்களே மாமான்னு கூப்பிட்டுக்குவீங்களா?"

"தனியா இருக்கையில அப்படித்தான் சார் பேசிக்குவேன்."

காவலர் ஒருத்தர் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தனை சண்டை போட்டு, அத்தனை ராத்திரி விழித்து வாங்கிய பேர். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள். அதற்குள் மறுபடியும் பிடுங்கிக்கொள்கிறார். முதலில் அண்ணனுக்கு, அப்புறம் சாமிக்கு, இப்போது அவருக்கே. "அது நான்!" என்று கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அண்ணன் குறுக்கே வந்து நின்றான். "சார், அவ சோறு கொண்டாந்தா சார். வெளாட்டுக்குப் பேசிருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் நாங்கதான்." இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். கத்தாரில் முதலாளியிடம்கூட அவன் அப்படி நின்றிருக்க மாட்டான்.

அவர்கள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்களும் சொல்வீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பங்கு பிரிக்கும்போதும் 'அவளுக்கு எதுக்கு', குற்றம் பிரிக்கும்போதும் 'அவளுக்கு என்ன தெரியும்'. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறதா இல்லையா? ஒன்று அநியாயம், இன்னொன்று பாசம் என்று எப்படிப் பிரிப்பது? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இதோ வருகிறார் பாருங்கள் வக்கீல். "என்னம்மா, ஞாபகம் இருக்குல்ல? கேட்டதுக்கு மட்டும் பதில். லெக்சர் வேணாம்." இருக்கிறது சார். "சாப்பாடு கொண்டு போனேன். அவ்ளோதான். தலையக் குனிஞ்சு நில்லு." குனிந்து என்ன சார் செய்யப் போகிறேன், தரையில் என்ன எழுதியிருக்கிறது? பாருங்கள் அக்கா, போய்விட்டார். பதில் சொல்ல முடியாவிட்டால் போய்விடுவார்.

நான் சொல்லத்தான் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியமெல்லாம் தயார் செய்துவிட்டேன். 'அம்மா, நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்டதும் நான், சொன்னதும் நான். தண்டனை என்றால் எனக்கும் கொடுங்கள், முதல் ஆளாகக் கொடுங்கள். நாலாவதாக ஓரத்தில் எழுதாதீர்கள்.' எப்படி இருக்கிறது? அண்ணன் கோபப்படுவான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். சென்னையில் இல்லாவிட்டால் வேறு ஊரில் படிப்பேன். ஒரு வருஷம் தள்ளிப் படித்தால் இயற்பியல் மாறிவிடுமா?

கூப்பிடுகிறார்கள். என் பேர்தானே? "தவசி... குமரவேல்... சீனிச்சாமி..." பாருங்கள், கடைசியாகத்தான் கூப்பிடுகிறார். "வினோதினீ..." இருங்கள் அக்கா, போய்விடாதீர்கள். வந்து சொல்கிறேன்.

இங்கேதான் இருக்கிறீர்களா? நல்லது. தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

முடிந்துவிட்டது.

கூண்டுக்குப் பக்கத்தில் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். மாமா, அண்ணன், சீனிச்சாமி, நான். எங்கள் வக்கீல் எழுந்து சோறு, அப்பாவி, இளம்பெண் என்று படித்தார். அரசு வக்கீல் எழுந்தார். "அந்தக் குரல் இந்தப் பெண்ணுடையது. இவள்தான் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறாள். இவளை விட்டால் கேஸே இல்லை" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அக்கா? எங்கள் பக்கம் ஒருத்தரும் சொல்லாததை எதிர்ப்பக்கத்து ஆள் சொல்கிறார். அவருக்குக் கைகொடுக்கலாம் போல இருந்தது.

நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்கள். நல்ல முகம். "நீ சொல்லும்மா. அன்னைக்கு நீ என்ன பார்த்த?"

அதே கேள்வி. நான் கேட்கச் சொல்லிக் கொடுத்த மாதிரியே. வாக்கியமெல்லாம் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, நகத்தால் நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றான். அதை நான் பொருட்படுத்தவில்லை, நம்புங்கள். சீனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாமாதான் திரும்பினார். கண்ணைக் காட்டித் தடுப்பார், முறைப்பார் என்று நினைத்தேன். தடுத்திருந்தால் சொல்லியிருப்பேன் அக்கா, சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவர் தடுக்கவில்லை. லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லணும்னா சொல்லு ஆத்தா என்கிற மாதிரி. ஒரு துளி கோபம் இல்லை அந்த முகத்தில்.

எனக்கு எதிர்த்துப் பேச ஆளே இல்லாமல் போய்விட்டது.

"இருட்டும்மா" என்றேன். "ஒண்ணும் பாக்கல."

"ஒண்ணுமே பாக்கலயா?"

"சாப்பாடு குடுக்கப் போனேன். இருட்டு. ஒண்ணும் தெரியல."

அவ்வளவுதான். என்னவோ எழுதினார்கள். மனு ஏற்கப்பட்டது என்றார்கள். அண்ணன் பாஸ்போர்ட் மனுவையும் அதே கையோடு ஏற்றுக்கொண்டார்கள். மாமாவுக்கும் சீனிச்சாமிக்கும் வாய்தா. "நீ போகலாம்மா" என்றார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். "போகலாம்னு சொன்னேன். பயப்படாதம்மா, ஒனக்கு ஒண்ணும் இல்ல." பயப்படாதே என்கிறார்கள் அக்கா! என்னை! மூட்டைப்பூச்சி கேட்ட அந்தப் போலீஸ்காரம்மாதான் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தது.

நான் சொன்னது பொய் இல்லை. யோசித்துப் பாருங்கள். தினமும் சாப்பாடு கொண்டு போனேனா இல்லையா? போனேன். இருட்டா இல்லையா? இருட்டு. என் வெறுங்கண்ணுக்கு அந்தக் காட்டில் என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கருவியில் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் கொஞ்ச நேரம் அந்தக் கண் குருடு மாதிரிதான் இருக்கும், அது அறிவியல். பார்த்தது கருவிதானே? சூட்டைக் கண்டது அதுதானே? நான் அது காட்டியதைச் சொன்னேன், அவ்வளவுதானே? ஒரு வார்த்தை பொய் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஏன் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள்? ஏதாவது சொல்லுங்கள். தப்பு என்று சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

ஐயோ, அண்ணன் வெளியே வந்துவிட்டான். சிரிக்கிறான் பாருங்கள், முகமெல்லாம் பல்லாக. என்னைத் தேடுகிறான். நன்றி சொல்லத்தான் வருகிறான் அக்கா, எனக்குத் தெரியும், கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அழுவான். நீங்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். அவனை மட்டும் இந்தப் பக்கம் வர விடாதீர்கள்.